பேனாவால் எழுதிய படிவம்

கணக்கு டீச்சர் எதையும் முதலில் பென்சிலால்தான் எழுதுவார். மளிகைப் பட்டியலானாலும் விடுப்புக் கடிதமானாலும் பென்சிலில் எழுதி, ஒருமுறை சரிபார்த்து, அதன் பிறகே பேனாவின் மூடியைத் திறப்பார். பள்ளியில் அவருக்கு 'ரப்பர் டீச்சர்' என்று பட்டப்பெயர். அது காதில் விழாததுபோல் இருந்துவிடுவார்.

அப்படிப்பட்டவர், இந்த முறை குடும்பக் கணக்கெடுப்பில் தம் வீட்டுப் படிவத்தை நேரே பேனாவால் எழுதினார். முதல் ஆள் அவர், உறவு எண் ஒன்று, குடும்பத் தலைவர், பெண். இரண்டாம் ஆள் தையல்காரி, உறவு எண் இரண்டு, வாழ்க்கைத் துணை, பெண்.

இருவரும் ஒரே வீட்டு மாடியில் பதினைந்து ஆண்டுகளாகக் குடியிருந்தார்கள். தெருவுக்குச் சொல்லிவைத்திருந்த உறவு 'சித்தி பொண்ணு'. அதற்குச் சாட்சியாகச் சின்ன அறையில் ஒரு கட்டில் கிடந்தது. அதில் யாரும் படுத்ததில்லை. ஆனாலும் தினமும் காலையில் தையல்காரி அதன் விரிப்பைக் கசக்கி, தலையணையில் முஷ்டியால் குத்திக் குழி விழச் செய்வாள். "தூங்காத தலகாணிக்குத் தினம் ஒரு குத்து, அது என்ன பாவம் பண்ணிச்சோ" என்பாள்.

பத்தாண்டுகளுக்கு முந்தைய கணக்கெடுப்பிலும் டீச்சருக்கு, வீடு வீடாகப் போய்ப் படிவம் எழுதும் இதே வேலைதான். அடுத்த தெருவில் சலவைக் கடை நடத்திய ஆண்கள் இருவர், கேட்டதும் ஒளிவுமறைவின்றி உறவைச் சொன்னார்கள். உறவு எண் இரண்டு என்று பென்சிலால் குறித்துக்கொண்டார்.

"எழுதிட்டீங்களா டீச்சர்?" என்று மூத்தவர் எட்டிப் பார்த்தார்.

"எழுதிட்டேன்."

வீட்டுக்கு வந்து பேனாவை எடுத்தபோது பயிற்சி வகுப்பில் சொன்னது நினைவுக்கு வந்தது. தலைவரும் துணையும் ஒரே பாலாக இருந்தால் அது எழுதுபவரின் கைப்பிழை, திருத்திவிட வேண்டும். அவர் ரப்பரை எடுத்தார். இரண்டு, ஒன்பதாயிற்று. ஒன்பது என்றால் 'பிற உறவு'. தம் வீட்டுக்கும் அதே ஒன்பதைத்தான் அன்று போட்டிருந்தார்.

சென்ற ஆண்டு உரிமைச் சங்கம் அரசுக்கு ஒரு மனு கொடுத்தது. சேர்ந்து வாழும் ஒரே பால் இணையருக்கு, மருத்துவமனையில் ஒருவருக்காக மற்றவர் கையெழுத்திடும் உரிமையாவது வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். கடந்த கணக்கெடுப்பின்படி நாட்டில் அத்தகைய குடும்பம் ஒன்றுகூட இல்லை. இல்லாதோருக்கு விதி வகுக்க இயலாது என்று பதில் வந்தது. சங்கக் கூட்டத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்து அதைக் கேட்ட டீச்சருக்கு முகம் வேர்த்துவிட்டது. அந்த 'இல்லை'யில் தம் ரப்பர்த் தூளும் கலந்திருக்கிறது என்பது அங்கே அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

"இந்தத் தடவை எழுதிரு," என்றாள் தையல்காரி. "பேனாவுல எழுது. இல்லன்னா நான் அசந்த நேரம் பார்த்து அழிச்சிருவ."

எழுதிக் கொடுத்தாகிவிட்டது. ஆனால் கணக்கெடுப்பவரின் சொந்த வீட்டை மேற்பார்வையாளர் நேரில் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்பது விதி. அவருடைய மேற்பார்வையாளர், அவர் வேலை செய்யும் பள்ளியின் தலைமையாசிரியரேதான். அவர் வெள்ளிக்கிழமை தொலைபேசியில் அழைத்தார்.

"நாளைக்குக் காலையில வர்றேன் டீச்சர். படிவத்துல ஒரு சின்னத் தப்பு. கையோட திருத்திரலாம்."

குரல் கனிவாகத்தான் இருந்தது. ஆனால் ஒழுக்கக்கேடு என்று அவர் ஒரு வரி எழுதினால் இருபத்திரண்டு ஆண்டு வேலை போய்விடும்.

மறுநாள் காலை, வாயில் குண்டூசிகளைக் கவ்வியபடி சட்டைக் காலரை மடித்துக்கொண்டிருந்தாள் தையல்காரி.

"வேலை போச்சுன்னா என்னடி பண்றது?" என்றார் டீச்சர்.

ஊசிகளை எடுத்துவிட்டு, "மெஷின் இருக்குல்ல," என்றாள்.

"ஸ்கூல் யூனிஃபார்ம் ஆர்டரும் அவர் கையிலதான் இருக்கு."

அவள் மடித்த காலரைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

"நீ வேணாம்னா சொல்லு. திருத்திக் கையெழுத்து போட்டுர்றேன். உன் பேரும் அதுல இருக்கே."

"எனக்குத் தெரியல," என்றாள். எதற்கும் பதில் வைத்திருப்பவள் அப்படிச் சொன்னதை டீச்சர் அதுவரை கேட்டதில்லை.

கீழே இரும்புக் கதவு கிரீச்சிட்டது. தையல்காரி எழுந்து சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். விரிப்பைக் கசக்கத்தான் போகிறாள் என்று டீச்சருக்குத் தோன்றியது. அதுவும் ஒரு பதில்தான். திருத்திவிட வேண்டியதுதான்.

தலைமையாசிரியர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, துணி வெட்டும் மேசையில் படிவத்தை விரித்தார்.

"நீங்க தப்பு பண்ணி நான் பார்த்ததே இல்ல. அதான் ஆபீசுக்குக் கூப்பிடாம நானே வந்தேன். ரெண்டை அடிச்சு ஒன்பது போடுங்க, பக்கத்துல ஒரு கையெழுத்து. விஷயம் முடிஞ்சுது." சற்று நிறுத்தி, "பேனாவுல எழுதியிருக்கீங்களே, அதான் ஆச்சரியம்," என்றார்.

டீச்சர் தண்ணீர்த் தம்ளரை எடுத்து ஓரமாக வைத்தார்.

"எதுக்கும் ரூமை எண்ணிடறேன்," என்று எழுந்து, அவரே சின்ன அறையின் கதவைத் திறந்தார். பின்னாலேயே போன டீச்சர் வாசற்படியில் நின்றுவிட்டார். மெத்தை சுருட்டிச் சுவரோரம் நிறுத்தப்பட்டிருந்தது. வெறும் கட்டில் பலகையில் நீலச் சீருடைத் துணிக் கட்டுகள். தலையணை ஜன்னல் வெயிலில் கிடந்தது. கழுத்தில் அளவு நாடாவோடு தையல்காரி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"இது துணி வெக்கிற ரூம் சார்," என்றாள். "படுக்கிற ரூம் எதிர்ல இருக்கு."

தலைமையாசிரியர் எதிர்க் கதவைப் பார்த்தார், திறக்கவில்லை. மேசைக்குத் திரும்பிப் பேனாவை டீச்சர் பக்கம் நகர்த்தினார்.

"யோசிச்சுக்குங்க. என் கையை விட்டுப் போயிட்டா அப்புறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

"தெரியும் சார்."

டீச்சர் பேனாவை எடுத்ததும் அவர் முகம் இளகியது. குறிப்புக் கட்டத்தில், வகுப்புப் பலகையில் எழுதும் அதே உருண்டை எழுத்தில், 'கேட்டறிந்து எழுதியது. பிழை இல்லை' என்று எழுதி, முழுப் பெயரையும் தேதியையும் இட்டு, படிவத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

"நான் கையெழுத்து போடலன்னா?"

"காரணத்தை எழுதணும் சார். கீழே கட்டம் விட்டிருக்கு."

தலைமையாசிரியர் அந்தக் கட்டத்துக்குப் பேனாவைக் கொண்டுபோனார். காரணம் எழுதுவதானால், அந்த வீட்டில் இருப்பவர்கள் யார் என்பதைத் தம் கையாலேயே எழுத வேண்டியிருக்கும். பேனாவை மூடினார், படிவத்தைப் பையில் வைத்தார்.

"திங்கட்கிழமை ஸ்கூல்ல பேசிக்கலாம்," என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

கீழே இரும்புக் கதவு சாத்தும் ஓசை கேட்டது.

"போட்டாரா?" என்றாள் தையல்காரி.

"போடல."

"அழிச்சாரா?"

"பேனாவுல எழுதினதை எப்படிடி அழிப்பாரு?"