ஐயோவாவும் அடைக்கலத்தின் பதினான்கு மாதங்களும்

வலப்பனையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். ‘வாரா வாரம் உங்கள் பத்தியில் தேயிலைத் தோட்டத்துக் கண்ணீரையே பிழிகிறீர்கள். ஒரு மாறுதலுக்கு அமெரிக்கா பற்றி எழுதக் கூடாதா? அங்கே மக்கள் எப்படி வாழ்கிறார்கள், என்ன விளைகிறது, பார்க்க என்ன இருக்கிறது?’

கேட்டது நியாயம்தான். ஆனால் எனக்குத் தெரிந்த அமெரிக்கா ஒரே ஒரு மாநிலம். பெயர் ஐயோவா. அதையும் நேரில் பார்த்ததில்லை... நான் படிப்பிக்கும் தோட்டப் பள்ளிக்கூடத்துச் சுவரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அரை மணி நேரம் பார்த்தேன்.

ராகலைப் பக்கத்துத் தோட்டங்களுக்கு அமெரிக்கத் தூதரகத்தின் படம் காட்டும் வேன் ஒன்று வந்துபோன நேரம் அது. ஜன்னலை மறைக்கத் துணி இல்லை. கொழுந்து பறிக்கும் பெண்கள் தங்கள் கம்பளிகளைக் கழற்றிக் கொடுத்தார்கள். படத்தில் பேச்செல்லாம் இங்கிலீஷ். வேன்காரர் மைக்கை என் கையில் திணித்து, “மாஸ்டர், நீங்க தமிழ்ல சொல்லிடுங்க” என்றார்.

“இது ஐயோவா மாநிலம்” என்று ஆரம்பித்தேன்.

“பேரே நல்லாயில்லீங்களே” என்றது ஒரு பெண் குரல். பள்ளிக்கூடமே சிரித்தது.

வாசகரே, குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு பெரிய ஆறுகளுக்கு நடுவே கறுப்பு மண். அதில் ஆள் உயரத்துக்கு மேல் சோளம். கண்ணுக்கெட்டிய தூரம் வரை மலையே இல்லை. குடும்பத்துக்கு ஒரு வீடு, சிவப்புச் சாயம் அடித்த மாட்டுக் கொட்டகை, உழுவதற்கு டிராக்டர். குளிர்காலத்தில் பனி முழங்கால் வரை. தலைநகரில் சட்டசபைக்குத் தங்க முலாம் பூசிய கூரை. வருஷத்துக்கு ஒரு தடவை பெரிய சந்தைத் திருவிழா... அதில் முழுக்க வெண்ணெயாலேயே ஒரு பசுமாடு செய்து வைக்கிறார்கள்.

“திங்கவா?” என்று கேட்டாள் முன்வரிசையில் இருந்த காமாட்சி.

“பாக்கிறதுக்கு.”

“சோளத்தை என்ன பண்ணுறாங்க?”

“பன்றிக்குப் போடுறாங்க.”

அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

கடைசியில் ஒரு கிழ விவசாயி வந்தார். அவருடைய அப்பா நோர்வேயிலிருந்து கப்பலேறி வந்தவராம். ‘அப்பாவின் ஊரைப் பார்க்க ஒரு முறை போனேன். இருந்தேன். திரும்பி வந்துவிட்டேன். என் வீடு இதுதான்’ என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது.

நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். கையில் மைக்... எதிரே அத்தனை முகங்கள். என் பங்குக்குக் கொஞ்சம் சேர்த்தேன். “அங்கே நீ எங்கிருந்து வந்தாய், எத்தனை மாதம் போயிருந்தாய் என்று யாரும் கேட்பதில்லை. போனவன் திரும்பி வந்தானே, அதுதான் பெரிது என்கிறார்கள்.”

படத்தில் இல்லாத வரிகள். ஏன் சொன்னேன்? அழகாக இருந்தது, சொன்னேன். பத்தி எழுதுகிறவனுக்கு இருக்கும் வியாதி இது.

காமாட்சிக்குப் பக்கத்தில் அவள் புருஷன் அடைக்கலம் உட்கார்ந்திருந்தார். தேயிலையில் கவ்வாத்து வெட்டுகிறவர், செடியின் கிளை கழிக்கும் வேலை. நாற்பது வயதைத் தாண்டியவர். அந்தத் தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளில் ஒன்றில் பிறந்து, அங்கேயே மூன்று பிள்ளைகளுக்கு அப்பாவானவர். என் மொழிபெயர்ப்பை வாய் திறந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

நாற்பத்தெட்டில் வந்த சட்டம், இந்தியாக்காரர்கள் என்று சொல்லி, இலங்கையில் நம் ஆட்களை யாரோவாக்கியது உங்களுக்குத் தெரியும். பிறகு வந்த இன்னொரு சட்டம், இத்தனை வருஷம் விடாமல் இங்கேயே இருந்ததாகக் காட்டினால் பிரஜாவுரிமை உண்டு என்றது. நடுவில் கடல் கடந்து போயிருந்தால், ஒரு வருஷத்துக்கு மேல் தங்கியிருக்கக் கூடாது. அடைக்கலத்தின் விண்ணப்பத்தை நிரப்பியது நான்தான். விசாரணை அந்த ஞாயிறுக்கு மறுநாள், நுவரெலியாவில்.

அவர் இந்தியாவுக்குப் போயிருந்தார். சாகப்போகிற அப்பாவைத் திருச்சிப் பக்கத்துக் கிராமத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கப் போனவர், காரியம் முடித்துக் கிளம்பும்போது விஷக்காய்ச்சலில் விழுந்துவிட்டார். பதினான்கு மாதம் ஆகிவிட்டது. அந்த வருஷத்துப் பெயர்ப் பதிவேடு தோட்டத்தில் இல்லை, கறையான் அரித்துவிட்டது. ஆகவே அந்தக் கணக்கு அவர் குடும்பத்துக்கும் எனக்கும் மட்டுமே தெரியும்.

“போனீங்களான்னு கேட்டா, அப்பாவை விடப் போனேன், வந்துட்டேன்... அவ்வளவுதான். மாசத்தைப் பத்திப் பேச்செடுக்காதீங்க” என்று முன்பே சொல்லி வைத்திருந்தேன். தலையாட்டியிருந்தார். அச்சில் இதை ஒப்புக்கொள்வது சரியா என்று யாராவது கேட்கலாம். இனி மறைத்து யாருக்கு லாபம்?

மறுநாள் இருவரும் பஸ் ஏறிப் போனோம். விசாரணை அறையில் பின்னால் ஒரு பெஞ்சில் என்னை உட்கார விட்டார்கள். அதிகாரி இளைஞர். கடுமையானவர் இல்லை. அவர் கேட்பதை ஒரு மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார். பிறந்த இடம், கல்யாணம், பிள்ளைகள்... எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது.

“இந்தியாவுக்குப் போனது உண்டா?”

அடைக்கலம் நிமிர்ந்து உட்கார்ந்தார். முகத்தில் ஒரு மலர்ச்சி. நல்ல சேதி சொல்லப் போகிறவர் மாதிரி.

“போனேங்க. எங்கப்பாவை அவரு ஊர்ல கொண்டுபோயி விட்டேன். பதினாலு மாசம் இருந்தேங்க. பங்காளிங்க எல்லாம் இங்கயே இரு, பங்கு நெலம் தர்றோம்னு சொன்னாங்க. வேண்டாம், எங்க தோட்டத்துக்குப் போகணும்னு வந்துட்டேன். போனவன் திரும்பி வந்தேனுங்களே.”

அதிகாரியின் பேனா நின்றது. மொழிபெயர்ப்பாளரிடம் ஏதோ மெதுவாகச் சொன்னார். அவர் அடைக்கலத்தின் பக்கம் குனிந்து, “நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. பதினாலு மாசமா? கொறைவா இருக்கலாமில்ல?” என்றார்.

அடைக்கலம் தப்பித்துக்கொள்ளட்டும் என்று அவர்கள் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்கள் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். நான் இருமினேன். அடைக்கலம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“பதினாலுதாங்க. மாசியில போயி, அடுத்த வருஷம் சித்திரையில வந்தேன்.”

பேனா மறுபடி ஓடியது.

திரும்பும் பஸ்ஸில் அடைக்கலம் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பேசிக்கொண்டே வந்தார். “நல்ல ஐயா, மாஸ்டர். ஒண்ணுக்கு ரெண்டு தடவை கேட்டு எழுதிக்கிட்டாரு. அந்தப் படத்துல கெழவரு சொன்னாப்பலதான் நானும் சொன்னேன். மறைக்க என்ன இருக்கு?”

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? அந்த வரி கிழவருடையது இல்லை, என்னுடையது என்றா? ராகலை வரும் வரை வெளியே பார்த்துக்கொண்டே வந்தேன்.

கடிதம் போன வாரம் வந்தது. இங்கிலீஷில் இருந்ததால் நேரே என்னிடம் கொண்டுவந்தார். காமாட்சியும் கூட வந்திருந்தாள். இடையறாத வசிப்பு நிரூபிக்கப்படவில்லை, விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. நான்கே வரி. உள்ளதை உள்ளபடியே சொன்னேன்.

“புள்ளைங்களுக்கு?” என்றாள் காமாட்சி.

“அவங்க பேரும் இதே விண்ணப்பத்துலதான் இருக்கு.”

அவள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். அடைக்கலம் கடிதத்தை வாங்கி, படிக்கத் தெரியாத எழுத்துகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“பன்னெண்டுன்னு சொல்லியிருந்தா குடுத்திருப்பாங்களா மாஸ்டர்?”

“குடுத்திருப்பாங்க.”

“அந்த ரெண்டு மாசம் நான் நெனவில்லாம கெடந்தேங்க. எந்த ஊர்ல இருக்கேன்னே எனக்குத் தெரியாது.”

அப்போது சொல்லிவிட்டேன். அந்தப் பேச்சு படத்தில் இல்லை, நானாகச் சேர்த்தது, உங்களைக் கெடுத்தது நான்தான் என்று. திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் காமாட்சியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“அப்ப அந்த ஐயோவாவுலயும் எத்தனை மாசம்னு கேப்பாங்களா?”

“தெரியாது” என்றேன். உண்மையாகவே எனக்குத் தெரியாது.

கொழும்பில் கோர்ட்டுக்குப் போகலாம் என்று கடிதத்தின் அடியில் ஒரு வரி இருந்தது. அதையும் சொன்னேன். “அங்க போயி என்னத்தச் சொல்றது? நானே என் வாயால சொன்னதுதான” என்று எழுந்துவிட்டார்.

விடிந்ததும் வேலைக் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்துப் பக்கமாகப் போனேன். கவ்வாத்துக் கத்தியோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தார். எந்த நாட்டுக்கும் சேராத அந்த மனிதரைக் கணக்கப்பிள்ளை பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

“இருக்கேங்க” என்றார் அடைக்கலம்.