இரண்டு விரல் அகலம்

புத்தகத்தைத் தொடும் முன் பசுபதி கையைச் சட்டையில் துடைத்துக்கொள்கிறார். பிறகு இரண்டு விரல் அகலத்துக்கு மட்டும் திறந்து, தலையைச் சாய்த்து உள்ளே எட்டிப் பார்க்கிறார். பதிப்பு விவரப் பக்கத்தின் அடியில் வரிசையாக நிற்கும் எண்களில் 'ஒன்று' இருந்தால் முதல் பதிப்பு. "இருக்குதுங்க!" என்று வெள்ளைக்காரக் கடைக்காரரிடம் தமிழிலேயே கூவிவிடுவார். அதற்கு மேல் திறப்பதில்லை. புத்தகத்தின் முதுகு முறிந்துவிடுமாம்.

டாலஸ் பக்கத்து ரிச்சர்ட்சனில் டெலிகாம் என்ஜினியர். சொந்த ஊர் கோபி. அரசியல்வாதிகளின் சுயசரிதை, அதிலும் முதல் பதிப்பு, அதிலும் அவர்கள் கையெழுத்துப் போட்டது என்றால் உயிர். ஜெயித்தவர், தோற்றவர், மாட்டிக்கொண்டவர் என்று நாற்பத்தோரு பேர் பிளாஸ்டிக் உறையோடு ஒரே அலமாரியில் பகை மறந்து நிற்கிறார்கள்.

ஒரே ஒரு கிழவரின் புத்தகம் மட்டும் ஏழு வருஷமாகக் கையெழுத்தில்லாமல் உறுத்திக்கொண்டிருந்தது. மூன்று தேர்தலில் தோற்ற செனட்டர். தொண்ணூற்றேழு அக்டோபரில் டாலஸ் புத்தகக் கடைக்குக் கையெழுத்துப் போட ஒரு மாலை மட்டும் வந்தார். அன்றைக்கென்று பார்த்துச் சரஸ்வதி பூஜை. ஆபீசிலிருந்து ஓடிவந்தால் அலமாரி காலி. மனைவி மரகதம் அத்தனையையும் பூஜையில் அடுக்கிக் குங்குமம் வைத்திருந்தார்.

"அதை மட்டும் எடுத்துக்கறேன், மரகதம். இன்னைக்கு மிஸ் பண்ணினா அவ்வளவுதான்."

"பூஜையில வெச்சதை நாளைக்குத்தான் எடுக்கோணும்."

பசுபதியின் முகம் தொங்கிப்போனது. மரகதத்துக்கு மனசு கேட்கவில்லை.

"சரி, இன்னைக்குப் படிக்கத்தான கூடாது? நீங்க எதைப் படிச்சிருக்கறீங்க? எடுத்துட்டுப் போங்க."

கிழவர் குங்குமப் பொட்டை ரசித்தபடி கையெழுத்துப் போட்டார். எந்த அத்தியாயம் பிடித்தது என்று கேட்டார். பசுபதி வாய்க்கு வந்ததைச் சொன்னார்.

"கடைசி அத்தியாயம், சார்."

கிழவர் முகம் மலர்ந்துவிட்டது. கடைசிவரை படித்த முதல் ஆள் நீங்கள்தான் என்று எழுந்து நின்று கை கொடுத்தார். ஏழு வருஷக் குறை தீர்ந்தும், ஃப்ரீவேயில் வீடு திரும்பும் வழி முழுக்கப் பசுபதிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

மறுநாள் விஜயதசமி. "சாஸ்திரத்துக்கு ஒரு பக்கமாவது படிங்க" என்றார் மரகதம். வருஷாவருஷம் பசுபதி மைக்ரோவேவ் கையேட்டைத்தான் புரட்டுவார். அன்று கிழவரின் புத்தகத்தை எடுத்தார். கார்ப்பெட்டில் சம்மணமிட்டு உட்கார்ந்து, மடியில் வைத்து அகல விரித்தார். புத்தகத்தின் முதுகு படக்கென்றது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.