ஜெகன் அண்ணையின் உள்மனசு

போன சனிக்கிழமை மதியம், லண்டன் பக்கத்து இல்ஃபோர்டில் ஒரு மண்டபத்தில், குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்த கூட்டத்துக்கு முன்னால் ஒரு டைல்ஸ் கடைக்காரருக்குப் பொன்னாடை போர்த்தினேன்.

போர்த்தினால் மட்டும் போதாது. அவரைப் புகழ்ந்து ஒரு வாழ்த்துமடலும் வாசிக்க வேண்டும். அதை எழுதியது யார்? அவரேதான்! 'தீர்க்கதரிசி', 'பிறர் காணாததைக் கண்ட பெருங்கண்', 'கால்பந்துக் கடலின் கலங்கரை விளக்கம்'… எல்லாம் தமக்குத் தாமே வழங்கிக்கொண்ட பட்டங்கள். நான் சிரிக்காமல் வாசிக்க வேண்டும் என்பது விதி. சிரித்தால் மறுபடி முதல் வரியிலிருந்து.

மூன்று முறை ஆரம்பித்தேன்.

எதற்கு இந்தத் தண்டனை? ஃபேன்டஸி ஃபுட்பால் ஆட்டத்தில் நான் கடைசியாக வந்ததற்கு.

தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. நிஜமான கால்பந்து வீரர்களை வைத்து நாம் காகிதத்தில் ஒரு அணி சேர்க்கிறோம். அவர்கள் நிஜ மைதானத்தில் கோல் அடித்தால் நமக்குப் புள்ளி. சீசன் தொடங்கும் முன் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து, முறை வைத்து ஆளுக்கொரு வீரராக எடுக்க வேண்டும். ஒருவர் எடுத்த வீரர் மற்றவருக்குக் கிடையாது. இதற்குப் பெயர் ட்ராஃப்ட். படித்த மனிதர்கள் கூச்சமில்லாமல் சண்டை போட வசதியாகக் கண்டுபிடிக்கப்பட்டது.

எங்கள் பேட்மின்டன் குழுவில் எட்டுப் பேர் இதை ஆடுகிறோம். தோற்றவர் ஜெயித்தவருக்குப் பொன்னாடை போர்த்த வேண்டும் என்பது ஜெகன் அண்ணையின் யோசனை. வேறு யாருக்கு இப்படித் தோன்றும்?

ஜெகன் அண்ணை யாழ்ப்பாணத்துக்காரர். ஜெர்மனியில் பல வருடம் டைல்ஸ் பதித்துவிட்டு, பிறகு லண்டனுக்கு வந்து குட்மேய்ஸில் கடை போட்டவர். ட்ராஃப்ட் நடந்ததும் அந்தக் கடையின் பின்னறையில்தான். சுற்றிலும் பாத்ரூம் தொட்டிகள். தொட்டியின் விளிம்பில்கூட ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

நான் என்ன ஆயத்தத்தோடு போனேன் தெரியுமா? மலேசியாவின் ஈப்போவிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்ட எனக்கு, இன்ஷூரன்ஸ் கம்பெனியில் ரிஸ்க் கணிக்கும் வேலை. 'உங்கள் மனசுக்கு என்ன படுகிறது என்பது முக்கியமில்லை, டேட்டா என்ன சொல்கிறது?' என்று வாரத்துக்கு ஐந்து நாள் மற்றவர்களை மிரட்டுவதற்குத்தான் சம்பளம். ஆகவே நிபுணர்களின் தரவரிசைப் பட்டியலை அச்செடுத்து, மூன்று நிறத்தில் கோடு போட்டு எடுத்துப் போனேன்.

கோபி என்னையும் மிஞ்சிவிட்டான். திருச்சிக்காரன், ஐடி வேலை, புதிதாக ஒரு பெண் குழந்தைக்கு அப்பா. நான்கு நிபுணர்களின் பட்டியல்களை ஒன்றாகக் கலந்து, சராசரி எடுத்து, லேப்டாப்பில் வைத்திருந்தான். யார் எந்த வீரரைச் சொன்னாலும் பட்டனைத் தட்டிப் பதிவு செய்வதும் அவன் பொறுப்பு.

நான்காவது சுற்று. என் முறை.

இங்கேதான் எனக்கு ஒரு சபலம். முழங்கால் அடிபட்டு ஒரு வருடம் படுத்திருந்த நடுக்கள வீரர் ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம்… 'முழங்கால்காரர்' என்று வைத்துக்கொள்வோம். அந்த வாரம் ஒரு பயிற்சி ஆட்டத்தில் அவரைப் பார்த்திருந்தேன். பந்தைப் பறிகொடுத்தார். அடுத்த நொடியே திரும்பி, பாதி மைதானம் துரத்தி ஓடி, பந்தைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். புள்ளிக்கே பிரயோஜனமில்லாத ஆட்டம். எதற்கு அப்படி ஓட வேண்டும்? பசியோடு இருக்கிற ஆள், இவர் விடமாட்டார் என்று எனக்குப் பட்டது.

பட்டியலில் தேடினேன். கடைசிப் பக்கத்தின் அடியில் கிடந்தார்.

"கோபி, இந்த முழங்கால் ஆளை எடுக்கலாமாப்பா?" என்று மெல்லக் கேட்டேன்.

"அக்கா, விளையாடுறீங்களா? நாலு எக்ஸ்பர்ட்டும் வேணாங்கிறாங்க. அந்த ஃபார்வர்டு இன்னும் மிச்சம் இருக்காரு பாருங்க… அவரை விட்டுட்டு!"

அந்த ஃபார்வர்டு நிபுணர்களின் செல்லப்பிள்ளை. செல்லப்பிள்ளையை எடுத்தேன்.

அடுத்து ஜெகன் அண்ணையின் முறை. அவர் கையில் பட்டியல் இல்லை, பேனா இல்லை, ஒரு மண்ணும் இல்லை. தேநீரை உறிஞ்சிவிட்டு ஒரு பெயரைச் சொன்னார். முழங்கால்காரரின் பெயர். கோபி பட்டனைத் தட்டினான். அறை முழுக்கச் சிரிப்பு. தொட்டி விளிம்பில் இருந்தவர் தொட்டிக்குள்ளேயே விழுந்துவிட்டார்.

அண்ணை ஏதோ சொல்ல வாயைத் திறந்து, மூடிக்கொண்டார். பிறகு நெஞ்சில் கை வைத்தார். "சிரியுங்கோ, சிரியுங்கோ. எனக்கு உள்மனசு சொல்லுது."

அப்புறம் என்ன நடந்தது என்று நான் சொல்லவும் வேண்டுமா?

செல்லப்பிள்ளைக்கு இரண்டாவது வாரமே தொடையில் பிடிப்பு. நிபுணர்கள் 'பொறுமை காக்கவும்' என்று எழுதினார்கள். காத்தேன். திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். 'இதுதான் பொறுமையின் உச்சக்கட்டம்' என்றார்கள். உச்சத்திலும் காத்தேன். நவம்பரில் அதே நிபுணர்கள், 'இவரை இன்னும் வைத்திருக்கிறீர்களா?' என்று என்னைக் கேட்டார்கள். எலிசபெத் லைன் ரயிலில் அதைப் படித்தபோது பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து தள்ளிப் போய் நின்றார். சத்தமாகவே திட்டியிருக்கிறேன் போல.

முழங்கால்காரரோ, வாரம் தவறாமல் கோல்.

ஜெகன் அண்ணை ஞானியாகிவிட்டார்! முதலில் கால்பந்து பற்றி மட்டும் அருள்வாக்கு. பிறகு வியாபாரம் விரிந்தது. பிள்ளையை எந்த ஸ்கூலில் போடலாம், எந்த வேலையை விடலாம், மகளுக்கு வந்த வரன் சரிப்படுமா… பேட்மின்டன் முடிந்து ராக்கெட்டைப் பையில் வைப்பதற்குள் அவரைச் சுற்றி நாலு பேர். அவர் கண்ணை மூடுவார். நெஞ்சில் கை வைப்பார். "ஓம், செய்யுங்கோ" அல்லது "வேண்டாம், விடுங்கோ." அவ்வளவுதான். கன்சல்டேஷன் முடிந்தது.

ஜனவரியில் நான் கடைசி இடத்தில் இருந்தேன். மானத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு அவர் கடைக்குப் போனேன்.

"அண்ணே, உண்மையைச் சொல்லுங்க. அந்த ஆளை எப்படிக் கண்டுபிடிச்சீங்க? நானும் அதே ஆளைத்தான் நினைச்சேன். எனக்குத் தைரியம் இல்லை. உங்களுக்கு மட்டும் எப்படி?"

அவர் கடை வாசலை எட்டிப் பார்த்தார். யாருமில்லை.

"தங்கச்சி, ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. நான் அவனை எடுக்கவே இல்லை."

"என்ன?"

"அதே பேரிலை ஒரு கோல்கீப்பர் இருக்கிறான் எல்லோ? நான் அவனைத்தான் சொன்னனான். கோபி பட்டனை மாறி அமத்திப்போட்டான். பிழை எண்டு சொல்ல வாய் திறக்க, நீங்கள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சியள். பிறகு என்னெண்டு சொல்லுறது? மானம் போகாதே!"

நான் அங்கிருந்த டைல்ஸ் அடுக்கின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் அதோடு விட்டாரா? கொஞ்சம் யோசித்துவிட்டுக் குனிந்து ரகசியம்போலச் சொன்னார்: "ஆனா தங்கச்சி, கோபி ஏன் சரியா அவனை அமத்தினவன்? அதுவும் என்ரை உள்மனசின்ரை வேலையோ எண்டு இப்ப ஒரு யோசினை…"

கோபியின் விரலில் ஜெகன் அண்ணையின் உள்மனசு!

ரகசியத்தைக் காப்பாற்றினேன். ஆனால் எனக்கும் ஒரு வெறி வந்துவிட்டது. நான்தானே அந்த ஆளை நிஜமாகவே உணர்ந்தவள்? அப்படியானால் என் உள்மனசுதானே அசல்? பட்டியலைக் குப்பையில் போட்டேன். பிப்ரவரி முழுக்க மனசு சொன்னபடி ஆளை மாற்றினேன்.

பாதாளத்துக்கே போய்விட்டேன். நிதானமாக யோசித்தபோது ஒன்று புரிந்தது. என் உள்மனசு என்பது முந்தின நாள் பார்த்த ஹைலைட்ஸ். யார் அழகாகக் கோல் அடித்தாரோ அவர் மேல் எனக்குத் தெய்வீக நம்பிக்கை வந்துவிடுகிறது. மறு வாரம் அடுத்தவர் மேல். முழங்கால்காரர் விஷயத்தில் சரியாகச் சொன்ன அதே மனசு, மற்ற ஒன்பது பேர் விஷயத்தில் உளறிக் கொட்டியது. அந்த ஒன்பதையும் நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்வோமா என்ன?

மார்ச்சில் ஒரு ஞாயிறு காலை கோபியின் மனைவி மீரா போன் செய்தாள்.

"அக்கா, நாங்க ஒரு வீடு பாத்திருக்கோம்ல? வீட்டைச் சோதிச்ச சர்வேயரோட ரிப்போர்ட் வந்திருக்கு. சமையலறைச் சுவர்ல ஈரம் ஏறுது, உள்ளே என்ன இருக்குன்னு திறந்து பாக்காம வாங்காதீங்கன்னு எழுதியிருக்காங்க. இவர் அதைப் படிக்கவே மாட்டேங்கிறார். ஜெகன் அண்ணை வந்து சுவர்ல கை வெச்சு, நல்ல வீடுன்னு சொல்லிட்டாராம். நாளைக்குக் கையெழுத்துப் போடணுமாம். பச்சைக் குழந்தையை வெச்சுக்கிட்டு ஈர வீட்ல நான் என்னக்கா பண்ணுவேன்?"

எனக்குச் சிரிப்பு போய்விட்டது. நான்கு நிபுணர்களையும் நம்பிக் கோபியும் என்னோடு அடிமட்டத்தில் கிடந்தான். பட்டியல் கைவிட்டதும் நேராக ஞானியின் காலில் விழுந்துவிட்டான்.

கடைக்குப் போனேன். "அண்ணே, கால்பந்துல என்ன வேணும்னாலும் பண்ணுங்க. அது வீடு. உண்மையை அவன்கிட்ட நீங்களே சொல்றீங்களா, நான் சொல்லவா?"

அவர் முகம் சுருங்கிப்போயிற்று. பல மாதத்துப் பெருமை… ஒரு போனில் போய்விடும். தாடையைத் தடவிக்கொண்டே நின்றார். பிறகு என் கண் முன்னாலேயே ஸ்பீக்கரைப் போட்டு அழைத்தார்.

"தம்பி கோபி, ஒண்டு சொல்லோணும். அந்த முழங்கால் ஆளை நான் தெரிஞ்சு எடுக்கேல்லை. பேர் மாறுபட்டுப் போச்சு. எனக்கு உள்மனசும் இல்லை, ஒண்டும் இல்லை."

மறுமுனையில் கோபி உருகினான்: "எவ்வளவு அடக்கம் அண்ணே உங்களுக்கு!"

நானும் அண்ணையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். என்ன சொல்லியும் கேட்கவில்லை. உண்மையைச் சொல்லச் சொல்ல அவர் மேல் கோபிக்குப் பக்திதான் கூடியது.

அண்ணை போனை வைத்தார். மேசைக்கு அடியிலிருந்து பழைய கருவிப்பை ஒன்றை எடுத்தார். "வாங்கோ" என்றார்.

மீராவுக்குச் சொல்லி, ஒரு மணி நேரத்தில் நாங்கள் எல்லோரும் அந்த வீட்டில். சாவியோடு வந்த ஏஜென்ட் பெண் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றாள். அண்ணை மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சமையலறையில் முழங்கால் போட்டு உட்கார்ந்தார். சின்னச் சுத்தியலின் கைப்பிடியால் சுவரைத் தட்டிக்கொண்டே நகர்ந்தார். டொக்… டொக்… டொக்… டொப்.

நின்றார். மறுபடி தட்டினார். டொப். கீழே மரச்சட்டத்தில் ஸ்குரூடிரைவரை வைத்து லேசாக அழுத்தினார். அது வெண்ணெயில் இறங்குவதுபோல உள்ளே போயிற்று.

"தம்பி, இஞ்ச கை வையும். ஊறிப்போய்க் கிடக்கு. புதுப் பெயின்ற் அடிச்சு மறைச்சிருக்கினம். எடுக்காதேயும்."

கோபி குனிந்து சட்டத்தைத் தொட்டுப் பார்த்தான். "அண்ணே, போன தடவை இதே சுவர்ல கை வெச்சு நல்ல வீடுன்னு சொன்னீங்களே?"

அண்ணை எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார். "போன முறை கண்ணை மூடிக்கொண்டு பாத்தனான், தம்பி."

மீரா குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டாள். அழுதாளா, சிரித்தாளா தெரியவில்லை. அந்த வீட்டை அவர்கள் வாங்கவில்லை.

முப்பது வருடம் சுவரோடு வாழ்ந்த மனிதர். சுவரைப் பற்றி அவர் சொன்னால் சர்வேயரே கேட்டுக்கொள்வார். அதை விட்டுவிட்டு நாங்கள் அவரிடம் கேட்டதெல்லாம் கல்யாணமும் கால்பந்தும்! நாம் நிபுணரைத் தேடுவது ஜெயிக்க அல்ல. தோற்றால் பழி போட ஓர் ஆள் வேண்டும். உள்மனசைத் தேடுவது ஜெயித்தால் பீற்றிக்கொள்ள. இரண்டுக்கும் நடுவே, கண்ணைத் திறந்து, குனிந்து, தட்டிப் பார்ப்பது என்று ஒன்று இருக்கிறது. முழங்கால் வலிக்கும். அதனால்தான் யாரும் செய்வதில்லை.

சரி… சனிக்கிழமை விழாவில் என்ன நடந்தது? ஏற்புரையில் அண்ணை உண்மையைப் போட்டு உடைப்பார் என்று எதிர்பார்த்தேன். மைக்கைப் பிடித்தார். பொன்னாடையைச் சரிசெய்தார். "பிள்ளையள், எப்பவும் உள்மனசு சொல்லுறதைக் கேளுங்கோ" என்று ஆரம்பித்து, சோறு ஆறும்வரை பேசினார். கோபிதான் முதலில் எழுந்து நின்று கை தட்டினான்.

இதையெல்லாம் எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். "வடிவா எழுதுங்கோ, தங்கச்சி. ஒருத்தரும் நம்பமாட்டினம்" என்றார்.

நேற்று கோபி ஒரு இணைப்பு அனுப்பியிருக்கிறான். புது சீசனுக்காக ஒரு நிபுணர் குழு வெளியிட்டிருக்கும் சிறப்புப் பட்டியல் — 'உள்ளுணர்வால் மட்டுமே தேர்ந்தெடுக்க வேண்டிய ஐம்பது வீரர்கள்', தரவரிசைப்படி.

சந்தா கட்டிவிட்டேன்.