பிலோமி வாங்கிய கால்

செய்தி வந்தபோது நான் திருவள்ளூர் கலெக்டர் ஆபீஸ் வாசலில் நின்றிருந்தேன். பட்டா விஷயமாக உள்ளே போவதா, சாப்பிட்டுவிட்டு வருவதா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது பிலோமினாவின் மகன் ஜெரால்டு போன் செய்தான். அம்மா காலையில் டீ குடித்துவிட்டு நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டாள், மாரடைப்பு என்கிறார்கள், வந்துவிடுங்கள் அத்தை என்றான். பக்கத்தில் நின்ற ஒருவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு பெஞ்சைக் காட்டி உட்காரச் சொன்னார். என்னால் உட்கார முடியவில்லை. ஆட்டோ பிடித்து ஸ்டேஷனுக்கு வந்தேன். திருநின்றவூர் போகிற மின்சார ரயிலில் இடம் காலியாகக் கிடந்தும் வாசல் கம்பியைப் பிடித்தபடியே நின்றேன். முதலில் எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. நெல்லூரைத் தாண்டிப் போகலாம் என்று என்னிடம் சொல்லிவிட்டு, பிலோமினா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து செத்துப்போயிருக்கிறாள்.

அவளுடைய வேனில் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்கு வேலைக்கு வந்துபோன உங்கள் எல்லாருக்குமாக இதை எழுதுகிறேன். பொன்னேரி, கவரைப்பேட்டைப் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்கு அவளை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். புருஷன் திடீரென்று செத்துப்போனபிறகு, அவர் ஓட்டிக்கொண்டிருந்த பதினேழு சீட் வேனை விற்கச் சொல்லி எல்லாரும் வற்புறுத்தினார்கள். அவள் விற்காமல் தானே ஓட்டக் கற்றுக்கொண்டாள். கார்களுக்கு உள்ளே ஓடுகிற வயர்க் கட்டுகளைச் செய்யும் எங்கள் கம்பெனிக்கு மூன்று ஷிஃப்டுக்கும் பெண்களை ஏற்றி இறக்கினாள். நான் அங்கே டெஸ்டிங் செக்ஷனில் இருக்கிறேன். முன்சீட்டில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தே என் பாதி ஆயுள் போய்விட்டது. இரண்டு பேருக்கும் ஒரே வயது, ஒரே வாய். மரியாதைக்காக 'அவர்' என்று எழுதிப் பார்த்தேன், வேறு யாரைப் பற்றியோ எழுதுகிற மாதிரி இருந்தது. விட்டுவிட்டேன்.

சும்மா இருப்பது அவளுக்குத் தெரியாது. ஒருநாள் ரயில்வே கேட் மூடி, கூட்ஸ் வண்டி நடுவில் நின்றுவிட்டது. நாங்கள் எல்லாரும் வேனில் தூங்கி வழிந்துகொண்டிருந்தோம். இவள் இறங்கிப் போய், முன்னால் நின்ற லாரியின் பின்விளக்கில் அப்பியிருந்த சேற்றைத் துணியால் துடைக்க ஆரம்பித்தாள். லாரி டிரைவர் என்னவோ ஏதோ என்று சண்டைக்கு இறங்கி வந்தார். கேட் திறப்பதற்குள் அவர் எந்த ஊர், எங்கே சரக்கு ஏற்றினார், நெல்லூர், விஜயவாடா, விசாகப்பட்டினம், அதற்கப்புறம் எங்கே சாப்பிடுவார், எங்கே தூங்குவார் என்று எல்லாவற்றையும் கேட்டு வைத்துக்கொண்டாள். திரும்பி வந்து ஸ்டியரிங்கைப் பிடித்தவள் என்னிடம் சொன்னாள்: "இதே ரோடு கல்கத்தா வரைக்கும் போவுதாம் தேவகி. நாம இன்னாடான்னா கும்மிடிப்பூண்டில லெஃப்ட் எடுத்து எடுத்தே கெழவி ஆயிக்கினு கீறோம்." அன்றைக்கு எங்களுக்கு அது சிரிப்பாக இருந்தது.

வண்டிக்கு வயதாகிவிட்டது என்று கம்பெனிகள் அதை எடுப்பதை நிறுத்தியபோது அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தோம். அவள் பின்சீட்டுகளைக் கழற்றி எடைக்குப் போட்டாள். இரண்டு பக்கமும் படுக்கை, நடுவில் அடுப்பு வைக்க ஒரு மேடை, தண்ணீருக்கு டிரம், ஜன்னலுக்குத் திரை என்று வேனை வீடாக்கிவிட்டாள். ஆனால் அவளுடைய வலது முழங்கால் அதற்குள் அவளைவிட்டுப் போயிருந்தது. ஆக்ஸிலேட்டரை ஒரே அழுத்தமாக மிதித்துக்கொண்டே இருக்கிற கால் அது. பிரேக் போட்டால் வலிக்காது, நடந்தால்கூடச் சமாளிப்பாள். அசையாமல் மிதித்துக்கொண்டு உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் முட்டி வீங்கிவிடும். டாக்டர் காலுக்கு ஓய்வு கொடுக்கச் சொன்னார். திருநின்றவூரில் பிளாட் வாங்கியிருந்த மகன் ஜெரால்டு ஒரு கெடு வைத்தான். அந்தக் காலோடு நெல்லூர் வரைக்கும் போய்த் திரும்பிக் காட்டினால் அவன் வாயைத் திறக்கமாட்டான். முடியாவிட்டால் கிறிஸ்துமஸுக்குள் வண்டியை விற்றுவிட்டு அவனோடு வந்து இருக்க வேண்டும். அவன் கெட்டவன் இல்லை, பயந்தவன். அப்பாவை அந்த வேன் சீட்டில் பறிகொடுத்த பிள்ளை.

அப்போதுதான் அவள் அந்தப் பெட்டியை வரவழைத்தாள். புதுக் கார்களில் க்ரூஸ் கண்ட்ரோல் என்று ஒன்று வருகிறதே, பட்டனைத் தட்டினால் காலை எடுத்துவிட்டாலும் வண்டி அதே வேகத்தில் போகுமே, அதைப் பழைய வண்டிக்குத் தனியாகப் பொருத்துகிற சாமான். கவரைப்பேட்டையில் மெக்கானிக் பாஷா பாயின் ஷெட்டில் அதைப் பிரித்து வைத்துக்கொண்டு, வந்து பார் என்று எனக்குப் போன் செய்தாள். "எல்லாரும் என் காலப் பத்தியே பேசுறீங்கோ இல்ல? புதுசா ஒரு காலு வாங்கிக்கினேன்" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லாரியும் மாடும் எதிர்த்திசையில் வருகிற பைக்கும் ஓடுகிற ரோட்டில் காலை எடுத்துவிட்டு உட்காருவாளா என்று கத்தினேன். அவள் என் கையில் வயர்க் கட்டைத் திணித்தாள். அது என் பிழைப்பு. கையில் வந்துவிட்டால் பிரித்துப் பார்க்காமல் இருக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

வேலை என்னவோ கேட்பதற்குச் சுலபம். பின்சக்கரத்துக்குச் சுற்றலைக் கொண்டுபோகிற தண்டில் காந்தத் துண்டுகளைக் கட்டி, பக்கத்தில் ஒரு சென்சார் வைத்தால், வண்டி என்ன வேகம் என்று பெட்டிக்குத் தெரியும். பெட்டி ஒரு சின்ன மோட்டாருக்குச் சொல்ல, அது ஆக்ஸிலேட்டர் கேபிளைத் தேவையான அளவு இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கைத் தொட்டால் உடனே விட்டுவிட வேண்டும். பாய் காந்தத்தையும் கேபிளையும் பார்த்துக்கொண்டார், நான் வயரைப் பார்த்துக்கொண்டேன். பிலோமி இரண்டு பேருக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருந்தாள். வண்டிக்கு அடியில் படுத்திருக்கிற பாயின் காலைத் தட்டி ஆச்சா ஆச்சா என்று கேட்பாள். அவர் பொறுமையான மனுஷர். ஒருமுறை மட்டும் வெளியே வந்து, இந்தம்மா பேஜாரு தாங்கல, யாராச்சும் டீ வாங்கியாரச் சொல்லி அனுப்புங்க என்றார்.

எல்லாம் பொருத்தியாயிற்று. பட்டனைத் தட்டினால் விளக்கு எரிந்தது, பெட்டி கேபிளை இழுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் சர்வீஸ் ரோட்டில் போவோம், தட்டுவோம், விளக்கு எரியும், காலை எடுத்தால் வண்டி துவண்டுவிடும். அவள் என் வயரைச் சந்தேகப்பட்டாள். கம்பெனியில் ஒரு நாளைக்கு எத்தனை கட்டு டெஸ்ட் செய்கிறவள் நான், என்னையா என்று எனக்கு ரோஷம். ஒவ்வொரு வயரையும் மீட்டர் வைத்துக் காட்டினேன், எல்லாம் சரியாக இருந்தது. நான் பாயின் காந்தத்தைச் சந்தேகப்பட்டேன், அவர் அவிழ்த்து மறுபடி கட்டினார். பாய் பெட்டியையே சந்தேகப்பட்டார். இதற்கிடையில் ஜெரால்டு வேனை வாங்க ஒரு ஆளைக் கூட்டிவந்து காட்டிவிட்டுப் போனான்.

தப்பு எங்கே இருந்தது தெரியுமா? எங்கள் பூஜையில். ஆயுதபூஜைக்குப் பாய் தன் ஷெட்டுக்கு வருகிற வண்டிகளுக்கெல்லாம் ஏதாவது அன்பளிப்பாகச் செய்வார். அந்த வருஷம், பெட்டி வருவதற்கு முன்பே, எல்லா வண்டிக்கும் பின்னால் பழைய பிரேக் பல்பை எடுத்துவிட்டு எல்.இ.டி. பல்பு போட்டுக் கொடுத்தார். முஸ்லிம் ஷெட்டில், கிறிஸ்தவச்சியின் வண்டிக்கு நான் பூசணிக்காய் உடைத்தேன். பிரேக் விளக்கு ஜெகஜ்ஜோதியாக எரிந்ததைப் பார்த்து மூன்று பேரும் பூரித்துப்போனோம். அந்தப் பெட்டியோ, பழைய பல்புக்குள்ளே இருக்கிற இழை வழியாகத்தான் பிரேக் வயர் அறுந்துபோகாமல் இருக்கிறதா என்று பார்க்குமாம். எல்.இ.டி.யில் அந்த வழி கிடையாது. பிரேக்கே இல்லை என்று நினைத்துக்கொண்டு அது எங்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

கண்டுபிடித்தது எங்கள் மூளை இல்லை. பொன்னேரியில் ஒரு போலீஸ்காரர் ஒரு பக்கப் பிரேக் விளக்கு எரியவில்லை என்று அவளை நிறுத்தினார். பளபள எல்.இ.டி. அதற்குள் செத்திருந்தது. டூல் பெட்டியில் கிடந்த பழைய பல்பை அங்கேயே மாட்டிக்கொண்டு கிளம்பியவள், யார்மேலோ இருந்த கோபத்தில் பட்டனை ஒரு குத்து குத்தியிருக்கிறாள், பெட்டி கேபிளை இழுத்துப் பிடித்துக்கொண்டுவிட்டது. ஷிஃப்ட் முடிந்து நாங்கள் வெளியே வரும்போது கேட்டுக்கு எதிரில் வேன் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. செக்யூரிட்டி திட்டத் திட்ட அவள் இறங்கி ஓடிவந்து என் தோளைப் பிடித்துக் குலுக்கினாள். "புடிச்சிக்கிச்சுடி. பிரேக்கு கீதுன்னு தெரியாம ஓடமாட்டேன்னு நின்னுக்குது பாரு. நம்ம ரெண்டு பேருக்கும் இல்லாத புத்தி அதுக்குக் கீது" என்றாள். உங்களில் பல பேர் அதை நின்று பார்த்தீர்கள். என்ன பிடித்துக்கொண்டது என்று யாருக்கும் புரிந்திருக்காது.

நெல்லூருக்கு நாங்கள் இரண்டு பேரும் போனோம். ஆரம்பாக்கம் தாண்டி, தடா தாண்டி, ரோடு நேராக விரிந்ததும் அவள் அறுபதில் பட்டனைத் தட்டிவிட்டுக் காலைக் கீழே வைத்தாள். நான் கையைக் கோர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வண்டி அழகாகப் போனது. சூலூர்பேட்டை வருவதற்குள் அவள் நெளிய ஆரம்பித்துவிட்டாள். காலை நீட்டினாள், மடக்கினாள், ஜன்னலை இறக்கினாள், ஏற்றினாள். கடைசியில் பிரேக்கைத் தொட்டு அதை விடுவித்துவிட்டு, வலிக்கிற காலாலேயே மிதிக்க ஆரம்பித்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் இறங்கி பஸ் பிடித்துப் போய்விடலாம் போலிருந்தது. இத்தனை ஞாயிற்றுக்கிழமை எதற்காக உழைத்தோம் என்று கேட்டேன். "அது ஓட்டுது, நான் இன்னா பண்றது?" என்றாள். முழங்கால் தோசைக்கல் மாதிரி சுட்டது. நாயுடுபேட்டைக்கு முன்னால் ஓரம்கட்டினாள். இத்தோடு முடிந்தது, திரும்பப் போகிறோம், வேன் ஜெரால்டு சொன்ன ஆளுக்குப் போகப்போகிறது என்றே நினைத்தேன். அவள் கதவைத் திறந்து இறங்கி, சுற்றி வந்து, என் பக்கக் கதவைத் திறந்தாள். "நவுரு. நீ ஓட்டு" என்றாள்.

என்னிடம் லைசென்ஸ் உண்டு, அதுவும் அவள் தொல்லை தாங்காமல் எடுத்ததுதான். ஆனால் பெரிய ரோட்டில் எனக்குக் கால் நடுங்கும். எவ்வளவு மிதிப்பது என்று தெரியாமல் வண்டி முயல் மாதிரி துள்ளும். மாட்டேன் என்று சண்டை போட்டேன். வேகத்தைப் பற்றி நீ கவலைப்படாதே, அதற்குத்தான் ஆள் இருக்கிறதே, நீ ரோட்டைப் பார், பிரேக்கில் கால் வைக்கத் தயாராக இரு என்றாள். அறுபது வந்ததும் அவளே எட்டிப் பட்டனைத் தட்டினாள். கேபிள் இழுத்துக்கொண்டது, என் கால் நடுக்கத்துக்கு அதில் வேலையே இல்லை. கொஞ்ச தூரம் போனதும் மூச்சு எனக்கு ஒழுங்காக வந்தது. அவள் பேசவே இல்லையே என்று திரும்பிப் பார்த்தேன். முன்சீட்டில் இரண்டு காலையும் நீட்டி டேஷ்போர்டில் வைத்துக்கொண்டு, வெளியே ஓடுகிற வயலையும் புளியமரத்தையும் மீன் குட்டைகளையும் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. கூடூர் தாண்டும்போது மட்டும் ஒரு வார்த்தை சொன்னாள். "நான் உக்காரணும்னா ஊரு ஓடணும் தேவகி. இது தெரியாம இத்தினி நாளா எல்லாம் என்ன உக்காரு உக்காருன்றாங்கோ." நெல்லூரில் நாஷ்டா சாப்பிட்டோம். பைபாஸில் நின்று, ரோடு இன்னும் வடக்கே போவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

நான் பாதி ஓட்டியது கணக்கில் சேராது என்று ஜெரால்டு வாதாடினான். வண்டி போனதா வந்ததா என்று அவள் திருப்பிக் கேட்டாள். விற்கிற பேச்சை விட்டுவிட்டான். ஆனால் முட்டி வீக்கத்தைப் பார்த்து, வைத்தியம் முடிகிறவரைக்கும் என்று சொல்லித் திருநின்றவூருக்குக் கூட்டிப்போனான். வேன் கீழே நின்றது. அவள் மூன்றாவது மாடி பால்கனியில் நாற்காலி போட்டுக்கொண்டு ரயிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தினமும் எனக்குப் போன் வரும். எப்போது லீவு போடுகிறாய், விஜயவாடா வரைக்கும் நீ, அதற்கப்புறம் நான், மாற்றி மாற்றி என்பாள். முட்டி குறையட்டும் என்பேன். அவளைக் கவனித்துக்கொள்ள அங்கே எல்லாரும் இருந்தார்கள். மகன் தங்கமாகப் பார்த்துக்கொண்டான். ஆனால் அங்கே அவளுக்கு எதுவும் ஓடவில்லை. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆறவில்லை.

அடக்கம் முடிந்து கும்மிடிப்பூண்டி கல்லறைத் தோட்டத்திலிருந்து எல்லாரும் கலைந்தபிறகு ஜெரால்டு என்னிடம் வேன் சாவியைக் கொடுத்தான். கீழே நிற்பதைப் பார்க்க முடியவில்லை அத்தை, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றான். அவன் அழுதபோதுதான் நானும் அழுதேன். வேன் இப்போது என் தெருவில் நிற்கிறது. என் பிள்ளைகள், இதை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறாய் என்று கேட்கிறார்கள்.

அவளிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது வேன் மட்டும் இல்லை. நாயுடுபேட்டைக்கும் நெல்லூருக்கும் நடுவில் அவள் சும்மா உட்கார்ந்திருந்த நேரத்தை நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். அதை அவளுக்குக் கொடுக்க டாக்டராலும் முடியவில்லை, மகனாலும் முடியவில்லை, கால் நடுங்குகிற என்னால் முடிந்தது. அவளுடைய இருப்புக்கொள்ளாமையும் எனக்கே வந்துவிட்டது. டெஸ்டிங் டேபிளில் உட்கார முடியவில்லை, எழுந்து எழுந்து நடக்கிறேன். நேற்று சூப்பர்வைசரிடம் போய் நீண்ட லீவு கேட்டேன். எதற்கு என்றார். ஒருத்தியை வடக்கே கூட்டிப்போக வேண்டும், நான்தான் ஓட்டணும் என்றேன். யாரை என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பிலோமியை என்றுதான் சொல்லியிருப்பேன்.