ஸஹாப்தீன் பாஸின் ஒற்றை ஆசனக் கார்

மாத்தளையில் பாதிக் கார்கள் கராஜ் மெக்கானிக் ஸஹாப்தீன் பாஸின் கை பட்டுத்தான் ஓடின. அவரோ பஸ்ஸில்தான் போவார், வருவார். கார் இறக்குமதி நின்றுபோன அந்த எழுபதுகளில் இதை யாரும் குறையாகச் சொல்வதில்லை. மனைவி றஸ்மியா மட்டும் சொன்னாள். கல்யாணமான புதிதில், "ஊராக்கள்ட காரெல்லாம் ஓட்டுறீங்க. நம்ம ரெண்டு பேருக்கும் ஒண்டு வாணாமா?" என்று கேட்டாள். பன்னிரண்டு வருஷம் பதிலுக்குக் காத்திருந்துவிட்டு, கலேவெலயில் இருந்த அண்ணன் புஹாரி நானாவின் வீட்டுக்குப் போய்விட்டாள்.

போன பிறகுதான் பாஸுக்குப் பதில் தோன்றியது.

தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை தன் ஊருக்கே போனபோது கராஜில் விட்டுச்சென்ற சாமான்களில் உள்ளங்கை அளவு இரும்புப் பொம்மைக் கார் ஒன்று கிடந்தது. கூடவே ஓர் அமெரிக்கச் சஞ்சிகை. பழைய காரின் கூரையை வெட்டித் தாழ்த்தி, பொனட்டைக் கழற்றி, எஞ்சினை ஊருக்கெல்லாம் காட்டிக்கொண்டு ஓடும் 'ஹொட் ரொட்' ஒன்றின் படம் அதில் இருந்தது. பாஸ் பொம்மையின் அடித்தட்டைப் பிடித்திருந்த தறையாணியை ட்ரில்லால் எடுத்தார், பெயின்ட்டைச் சுரண்டினார், கூரையை அறுத்தார். கைக்கடிகாரச் சில்லுகள் எஞ்சினாயின. பேனாக் குழாய்கள் புகைபோக்கியாயின. ஒரு டாக்டரின் மொரிஸ் காருக்கு அடித்து மிஞ்சிய சிவப்பை ஆறு பூச்சுப் பூசினார்.

பக்கத்துத் தையற்கடை மாணிக்கவாசகம் எட்டிப் பார்த்தார். "என்னங்க பாஸ், லைசன் எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு. இன்ஷூரன்ஸ்தான் இழுபடுது."

நான்கு மாதத்தில் பாஸ் பேசியதில் நீளமான பேச்சு அதுதான். மனைவியோடு சேர்வதற்காகத் தனிமையில் அவ்வளவு மும்முரமாக உழைத்தார்.

பெருநாள் முடிந்து கலேவெலவுக்குப் போனார். றஸ்மியா காரைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகம் கொஞ்சம் இளகியது போலத்தான் இருந்தது.

"வடிவா இரிக்கி. நான் எங்க இரிக்கிற?"

பாஸ் குனிந்து பார்த்தார். ஆசனம் ஒன்றுதான். கராஜில் பெட்ரோல் டாங்கியைக் கழற்றிய காரை ஓட்டிப் பார்ப்பதென்றால், இடப்பக்க ஆசனத்தை எடுத்துவிட்டு அங்கே பெட்ரோல் கேனைக் கட்டி, குழாய் இழுத்துக்கொள்வார்கள். இருபது வருஷக் கை, கேட்காமலே அப்படிச் செய்துவிட்டது. றஸ்மியாவின் இடத்தில் குட்டிக் கேன் ஒன்று, மூடியோடு, மிக நேர்த்தியாக நின்றது.

"அது... பெட்ரோல்" என்றார்.

"எனக்கொரு சீட்டு வெச்சிட்டு வாங்க. பாப்பம்" என்று காரை அவர் கையிலேயே வைத்தாள்.

திரும்பும் பஸ் நாவுல ஊரைத் தாண்டும் வரை பாஸ் ஒரே யோசனையாக வந்தார். ஆசனம் வைப்பது பெரிய வேலையில்லை. கேனை எங்கே வைப்பது? பெட்ரோல் இல்லாமல் வண்டி எப்படி ஓடும்?

பக்கத்து ஆசனத்தில் ஸ்பானரும் சுத்தியலும் கிடந்த தன் ஆயுதப் பையை வைத்திருந்தார். ஏறியவர்கள் நின்றுகொண்டே வந்தார்கள்.