முதல் பிழைக்காக ஒரு ஜெபம்

அன்று எங்கள் வீட்டு ஜெபத்தில் அம்மா இருந்தார், ஜெபம் நடத்தும் ஸ்டெல்லா அக்கா இருந்தார், என் நண்பன் அருள் இருந்தான். அப்பா மட்டும் இல்லை. என்னை ஒரு கம்பெனி வேலையில் சேர்த்துவிட, மேஸ்திரியைப் பார்க்கப் பாகூர் போயிருந்தார்.

சோரியாங்குப்பத்தில் எங்கள் குடும்பத்தில் படிக்கப் போன முதல் ஆள் நான். ஜாவா என்ற கணினி மொழிப் பயிற்சியில், மறுநாள் என் புரோகிராம் ஓடாவிட்டால் வகுப்பில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். எழுதியதைக் கணினி சரிபார்க்கும்படி கம்பைல் செய்தால் திரை முழுக்கப் பிழைகள். அடியில் இருக்கும் கடைசிப் பிழைதான் கண்ணில் படும். ஓர் அடைப்புக்குறி குறைகிறது என்று சொல்லும். கடைசி வரியில் ஒன்று போடுவேன். அது போகும், மற்றவை அப்படியே நிற்கும். பயந்துபோய் எதையாவது அழிப்பேன், இன்னும் கூடும்.

"ஒரு வாரமா நீ அந்தப் பொட்டிய மொறைக்கிற, அது ஒன்ன மொறைக்குது. இன்னாத்துக்குடா இது?" என்றார் அப்பா. படிப்பை விட்டுவிடலாம் என்றே இருந்தேன்.

எங்கள் ஜெபத்தில் ஒருவருக்கு ஒரு விண்ணப்பம்தான். நான் பிழைகள், வேலை, அப்பாவின் கோபம் என்று அடுக்க ஆரம்பித்தேன்.

"இவன் முடிக்கறதுக்குள்ள விடிஞ்சிடும்கா," என்றான் அருள்.

"ஒண்ணு சொல்லு தம்பி. மொதல்ல எது வேணும்?" என்றார் அக்கா.

"முதல் பிழை மட்டும் தீரட்டும் ஆண்டவரே" என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. அந்த முதல் பிழையை நான் ஒருநாளும் படித்ததே இல்லை.

காலையில் திரையை மேலே தள்ளிப் படித்தேன். அது காட்டிய வரியில் குறை இல்லை. அதற்கு மேலே, முந்தைய பகுதியை மூடவே மறந்திருந்தேன். அங்கே அடைப்புக்குறியைப் போட்டு, கடைசியில் போட்டதை எடுத்தேன். அத்தனையும் மறைந்தன. ஆனால் புதிதாகச் சில வந்தன. மறுபடி அதே ஜெபம், மறுபடி முதல் பிழை மட்டும். மதியத்துக்குள் புரோகிராம் ஓடிவிட்டது, வகுப்பில் இடமும் நிலைத்தது.

அப்பாவிடம் காட்டினேன். "இதுக்காடா இவ்ளோ?" என்றார். ஆனால் மேஸ்திரிக்குப் போன் போட்டு, "என் புள்ள வரலபா, படிக்கிறான்" என்று சொன்னார்.

கர்த்தர் என் புரோகிராமைத் திருத்தினார் என்று நான் சொல்லவில்லை. பயத்தில் நான் பார்க்காமல் விட்ட இடத்தைப் பார்க்க வைத்தார். இப்போது எந்தக் கஷ்டம் வந்தாலும் அப்படித்தான் ஜெபத்தில் உட்காருகிறேன். எல்லாம் சேர்ந்து உங்களை அழுத்துகிறதா? ஒன்றை மட்டும் அவரிடம் சொல்லிப் பாருங்கள்.

நன்றி ஜெபத்துக்கு அப்பாவும் வந்து உட்கார்ந்தார். டீ, சமோசா எல்லாம் அவர் செலவு: நானூற்று இருபது ரூபாய்.