தோல் கோட்டுச் சிப்பாய்கள்

எங்கள் மயிலாப்பூர் வீடு இருந்த இடத்தில் இப்போது நிற்கும் ஃபிளாட்டின் கேட்டுக்கு நேற்று எனாமல் அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாசனையில், தொண்ணூறுகளின் மொட்டை மாடியும் தண்ணீர்த் தொட்டியின் நிழலும் அங்கே உட்கார்ந்து நான் வண்ணம் தீட்டிய விரலளவு பிளாஸ்டிக் சிப்பாய்களும் திரும்பி வந்துவிட்டன. அவர்கள் போட்டிருந்த தோல் கோட்டுக்கு வெறும் பிரவுனைப் பூசினால் சாக்லேட் பொம்மைதான் கிடைக்கும் என்பதை நானே கண்டுபிடித்தேன். வாசலில் கிடக்கும் அப்பாவின் தோல் செருப்பைப் பார்த்துப் பார்த்து, மடிப்புகளில் நீர்க்கக் கரைத்த கறுப்பை ஓடவிட்டு, முழங்கையிலும் தோளிலும் காய்ந்த பிரஷ்ஷால் வெளிறிய மஞ்சளைத் தேய்த்து, பல வருஷம் உழைத்த கோட்டாகவே ஆக்கிவிட்டேன்.

அந்த நவராத்திரிக்குக் கொலுவின் கடைசிப் படியில் அவர்களை அணிவகுத்து நிறுத்தினேன். வெற்றிலை பாக்குக்கு வந்த எதிர்வீட்டு மாமி குனிந்து பார்த்தாள். நீட்டிய விரலைச் சட்டென்று இழுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"ஏண்டி, கொலுப்படியில தோலைக் கொண்டுவந்து வெச்சிருக்கே? ஆத்துல யாரும் பார்க்கலையா?"

பெயிண்ட்தான் என்று அம்மா எவ்வளவோ சொல்லியும் மாமி நம்பவில்லை. நானே சிப்பாய்களை அள்ளிக்கொண்டுபோய், வாசலில் அப்பாவின் செருப்புக்குப் பக்கத்தில் வரிசையாக நிறுத்தினேன். என் வேலையை அதற்கப்புறம் எத்தனையோ பேர் புகழ்ந்திருக்கிறார்கள். மாமி அளவுக்கு யாரும் புகழ்ந்ததில்லை.